பாதிக்கப்பட்ட தாயார்

உறுவையாறு கிராமத்தில் ஆதிலட்சுமி கரும்புக்குக் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தபோது கல்லூரியிலிருந்து போன் வந்தது.

"தமிழ்க்குமரனோட அம்மாவா பேசறது?"

"ஆமா சார். யாரு?"

"காலேஜ் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் இன்னாசிமுத்து பேசறன். அம்மா, நீங்க பாதிக்கப்பட்டிருக்கீங்க. உடனே பொறப்பட்டு வாங்க."

"இன்னா சார் சொல்றீங்க? புள்ளைக்கு இன்னா ஆச்சி?"

"பையனுக்கு ஒண்ணும் ஆகல. பாதிக்கப்பட்டது நீங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகலியே சார். தோ, கரும்புலதான நிக்கறன்."

"ஆயிடுச்சிம்மா. நேத்தே ஆயிடுச்சி. உங்களுக்குத் தெரியல, அவ்ளோதான். போன்ல சொல்லக் கூடாதுன்னு ரூல். மறக்காம ஆதார் கார்டு எடுத்துக்கினு வாங்க."

போனில் சொல்லக் கூடாத சேதி என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான். கடலூர் ரோட்டில் பைக்கில் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆதிலட்சுமி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்த பெண்கள் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்கள். ஒருத்தி அதற்குள் அழவே தொடங்கியிருந்தாள். பக்கத்து வயல்காரர் தங்கவேல் தன் டி.வி.எஸ்ஸை எடுத்து வந்து, "ஏறு, தவளக்குப்பத்துல பஸ் ஏத்தி உடறன்" என்றார். வழியில் குறுக்கே வந்த கரும்பு டிராக்டரைத் திட்டினார், பள்ளத்தைத் திட்டினார், ஒதுங்காத ஆட்டைத் திட்டினார். ஆதிலட்சுமிக்கு எதுவும் மனசில் ஏறவில்லை. முந்தானையில் ஆதார் கார்டை முடிந்துகொண்டு, மாதா கோயில், மாரியம்மன் கோயில் என்று பார்க்காமல் வழியில் வந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டே போனாள்.

கிருமாம்பாக்கம் தாண்டி இறங்கி, கல்லூரி வாசலுக்குள் ஓடினாள். போர்ட்டிகோ நிழலில் தமிழ்க்குமரன் சுவரில் சாய்ந்துகொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள், முழங்காலைக் குனிந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. அப்புறம் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஏம்மா அடிக்கற? ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ. நாளைக்கு எக்ஸாம். என் ஹால் டிக்கெட்ட புடிச்சி வச்சிக்கினு இருக்காங்க."

"இன்னாடா பண்ண நீ?"

"நான் ஒண்ணியும் பண்ணல. ஒரு பொண்ணு உன்னத் திட்டிடுச்சி."

"என்னயா? அதுக்கு என்னத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத பொண்ணு என்ன ஏன்டா திட்டணும்?"

"என்னத்தாம்மா திட்டுச்சி. ஆனா..." அவன் தலையைச் சொறிந்தான். "உன்ன."

இந்த இடத்தில் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆதிலட்சுமியைப் போலவே நீங்களும் விழிப்பீர்கள். இந்தக் கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வரப்போகிறது. கல்லூரியில் என்னென்ன குழுக்கள் இருக்கின்றன, அவை என்ன கிழித்தன என்று அவர்கள் கேட்பார்கள். அதற்காகப் போன வருடம் 'சொல்லொழுக்கக் குழு' என்று ஒன்றை அமைத்து, வாசலில் பிளக்ஸ் கட்டி, குத்துவிளக்கும் ஏற்றினார்கள். விளக்கு ஏற்றியதோடு சரி, ஒரு வழக்கும் வரவில்லை. வளாகத்தில் பையன்கள் டீ கேட்பதும் நன்றி சொல்வதும் தாயை இழுக்கும் கெட்ட சொற்களால்தான். ஆனால் அது யார் காதிலும் விழவில்லை. வெறும் கோப்பைக் காட்டினால் மதிப்பெண் குறையும் என்று பொறுப்பு முதல்வரும் தமிழ்த்துறைத் தலைவரும் குழுத் தலைவருமான முனைவர் கலைவேந்தன் தூக்கமில்லாமல் இருந்தார். அப்படி இருந்தவர் காதில்தான், நேற்று ஹால் டிக்கெட் வரிசையைக் கடந்து போகும்போது, ஒரு பெண் குரலில் அந்தச் சொல் விழுந்தது. அவர் நின்றார். முகம் மலர்ந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

சொன்னவள் மரிய சுகந்தி, கடைசி வருட பி.காம். வில்லியனூர்ப் பக்கம் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு கிராமம். சொல்லப்பட்டவன் தமிழ்க்குமரன். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என் தாயாருக்கும் போன் போகும். கலைவேந்தன் அதற்கு 'தாய்வழிச் சொல்' என்று பெயர் வைத்திருக்கிறார். குழுவின் விதிப்படி, தாய்வழிச் சொல்லில் பாதிக்கப்பட்டவர் திட்டு வாங்கியவர் அல்ல, அவருடைய தாயார். புகாரில் கையெழுத்திட வேண்டியவரும் அவர்தான். அப்பாக்களை அழைப்பதில்லை. திட்டில் அப்பா இல்லாததால் விசாரணையிலும் அவருக்கு வேலையில்லை.

விசாரணை அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் ஒல்லியாக ஒரு பெண், துப்பட்டா நுனியை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருந்தாள். நடுவில் வணிகவியல் பேராசிரியை கல்பனா. ஆதிலட்சுமி மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் பாதிக்கப்பட்டவங்களா மேடம்?"

"நான் கமிட்டி மெம்பர்."

"அப்ப உள்ள இல்லாம?"

"சாட்சிய விசாரிக்கறாங்க. அந்த வார்த்தைய சொல்லுவாங்க. லேடீஸ் இருக்கக் கூடாதுன்னு ரூல்."

"அப்ப கமிட்டில நீங்க எதுக்கு?"

"கமிட்டில ஒரு லேடி கட்டாயம் இருக்கணும்னு இன்னொரு ரூல்." கல்பனா இதைச் சிரிக்காமல் சொன்னார். "அதனால இருக்கன். வெளிய."

பெண்களைப் பற்றிய சொல்லைப் பெண்கள் கேட்காமல் ஆண்கள் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்கில் சிரிப்புச் சத்தம்கூட ஒரு தடவை கேட்டது.

திடீரென்று கரண்ட் போனது. அறைக்குள்ளிருந்து கலைவேந்தன் வியர்வையோடு வெளியே வந்து, ஜெனரேட்டர் பார்க்கும் ஆளுக்குப் போன் போட்டார். மனிதர் மேடையில் பேசும் தமிழ் வேறு, போனில் பேசிய தமிழ் வேறு. ஜெனரேட்டர்காரனின் தாயாரை அவர் முதல் வாக்கியத்திலேயே இழுத்தார். கடைசி வாக்கியத்திலும் மறக்கவில்லை. கல்பனா தன் செருப்பைப் பார்த்தார். கரண்ட் வந்தது. கலைவேந்தன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பெஞ்சைப் பார்த்துக் கனிவாகப் புன்னகைத்துவிட்டு உள்ளே போனார்.

ஆதிலட்சுமி ஒல்லிப் பெண்ணின் பக்கம் நகர்ந்தாள். "நீதானா அது?"

சுகந்தி தலையாட்டினாள்.

"இன்னா சொன்ன என்ன?"

"வேணாம்மா."

"கரும்ப போட்டுட்டு, புள்ள செத்துட்டான்னு நெனச்சி அடிச்சிக்கினு ஓடியாந்தன். சொல்லுடி."

சுகந்தி அவள் காதருகே குனிந்து சொன்னாள். ஆதிலட்சுமி இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

"இதுவா?"

"இதாம்மா."

"இதுக்கா ஆதார் கார்டு கேட்டாங்க?"

கல்பனா தலையைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஆனால் ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு வைக்கத் தாமதமானால் வீட்டில் கேட்கும் சொல் அது. மோட்டார் ஓடாவிட்டால், பஸ்ஸில் சில்லறை இல்லாவிட்டால், கபடியில் தோற்றால், ஜெயித்தால் கேட்கும் சொல். சற்று முன் தங்கவேல் டிராக்டருக்கும் பள்ளத்துக்கும் ஆட்டுக்கும் சொன்னதும் அதுதான். ஆட்டுக்கு ஏது தாயார் கௌரவம் என்று அவள் யோசித்ததில்லை. இத்தனை வருடம் காற்று மாதிரி காதோடு போய்க்கொண்டிருந்த சொல்லுக்குள் தானும் இருக்கிறோம் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. யாரோ தெரியாதவன் கைபட்டது போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இன்னாசிமுத்து கதவைத் திறந்து, "பாதிக்கப்பட்ட தாயார்!" என்று கூப்பிட்டார். எல்லாரும் உள்ளே போனார்கள். கல்பனாவுக்கும் இப்போது அனுமதி கிடைத்தது.

மேசை மேல் இரண்டு ஹால் டிக்கெட்டுகள். அவற்றின் மேல் கண்ணாடிப் பேப்பர் வெயிட். ஃபேன் காற்றில் தாள்களின் ஓரம் படபடத்தது. ஆதிலட்சுமி மகனின் போட்டோவை அடையாளம் கண்டுகொண்டாள். அவனைக் கரும்பில் இறக்காமல் மூன்று வருடம் காப்பாற்றி இங்கே அனுப்பியதெல்லாம் அந்தக் கண்ணாடிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கலைவேந்தன் எழுந்து நின்றார். கேட்க அறைக்குள் சொற்பப் பேர்தான், ஆனாலும் எழுந்துதான் பேசினார்.

"அம்மையீர், தாய்க்கு நம் மொழியில் எவ்வளவு பெரிய இடம் தந்திருக்கிறோம் பாருங்கள். வாழ்த்திலும் தாய், வசையிலும் தாய். தந்தையை வைத்து ஒரு வசைச்சொல் சொல்ல முடியுமா உங்களால்? முடியாது. தேடினேன், இல்லை. வேறெந்த உறவுக்கு இந்தப் பெருமை உண்டு? அப்பேர்ப்பட்ட தாய்மையை இந்தப் பெண் கொச்சைப்படுத்தியிருக்கிறார். அதுவும் ஒரு பெண்ணாக இருந்துகொண்டு. தாங்கள் கையொப்பமிட்டால், இவருக்கு இந்த ஆண்டு தேர்வு இல்லை. தங்கள் புதல்வருக்கு இந்த நொடியே ஹால் டிக்கெட்."

"போடலன்னா சார்?"

"வழக்கு நிலுவை. நிலுவையில் இருக்கும்வரை இருவருக்குமே இல்லை."

"சாட்சி இருக்குதும்மா" என்றார் இன்னாசிமுத்து, ஆறுதல் சொல்வதுபோல.

சாட்சி நவீன்குமார், தமிழ்க்குமரனின் நண்பன். "ஆமா ஆன்ட்டி. நான் பக்கத்துலதான் இருந்தன். திடீர்னு அப்படி சொல்லிடுச்சி, எனக்கே ஷாக் ஆயிடுச்சி" என்று சொன்னவன், அந்த அதிர்ச்சியை விளக்கும்போது அதே சொல்லை இடையில் ஒரு தடவை விட்டான். இன்னாசிமுத்துவின் பேனா அசையவில்லை.

"இப்ப நீ சொன்னியேப்பா" என்றாள் ஆதிலட்சுமி.

"நான் இன்னா சொன்னன்?" நவீன்குமார் உண்மையாகவே திகைத்தான். "அய்யோ ஆன்ட்டி, அது சும்மா. பசங்க சொன்னா அது கெட்ட வார்த்தையே இல்ல. பாசம். பொண்ணுங்க சொன்னாதான் அசிங்கமா கேக்கும்."

"அருமையாகச் சொன்னாய்" என்றார் கலைவேந்தன். "மொழியியலும் அதையேதான் சொல்கிறது. ஆண் வாயில் அது வெறும் ஓசை. பெண் வாயில் வரும்போதுதான் அதற்குப் பொருள் உண்டாகிறது." மொழியியல் எங்கே அப்படிச் சொல்லியது என்று யாரும் கேட்கவில்லை.

ஆதிலட்சுமி சுகந்தியைப் பார்த்தாள். "எதுக்குடி சொன்ன?"

"இவன் வரிசைல பூந்தான். பின்னாடி போன்னு சொன்னன். எங்கம்மாவ வச்சி அதே வார்த்தைய சொன்னான். திருப்பி இவன எதாவது சொல்லணும்னு தோணிச்சி. இவன மட்டும். வேற வார்த்தை வரலம்மா. எதச் சொன்னாலும் உங்ககிட்டதான் வந்து நிக்குது."

"அப்ப மொதல்ல சொன்னது என் புள்ளையா?"

"அந்தக் கோணத்தையும் குழு ஆராய்ந்தது" என்றார் கலைவேந்தன். "ஆனால் அந்தச் சம்பவத்தில் பாதிக்கப்பட்ட தாயார் புகார் அளிக்க முன்வரவில்லை. அழைப்பு அனுப்பியும் நேரில் ஆஜராகவில்லை. பாதிக்கப்பட்டவர் இல்லாத இடத்தில் பாதிப்பு எப்படி இருக்கும்?"

"எங்கம்மா செத்துட்டாங்க சார்" என்றாள் சுகந்தி. "போன மழைல. நேத்தே சொன்னனே."

"சொன்னீர்கள். குழு பதிவுசெய்திருக்கிறது. படியுங்கள் இன்னாசிமுத்து."

இன்னாசிமுத்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "தாயார், வரவில்லை."

ஆதிலட்சுமி மகன் பக்கம் திரும்பினாள்.

"அவங்கம்மா செத்தது உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும். க்ளாஸே போச்சி சாவுக்கு."

"நீ போனியா?"

"போனம்மா."

"மால போட்டியா?"

அவன் தரையைப் பார்த்தான். "போட்டன். நான் அவங்கள நெனச்சி சொல்லலம்மா. சும்மா வாயில வர்றதுதான்."

"நானும் உங்கள நெனச்சி சொல்லலம்மா" என்றாள் சுகந்தி.

"ஒருத்தரும் நெனச்சி சொல்லல" என்றாள் ஆதிலட்சுமி. "ஊரு பூரா பெத்தவளத்தான் இழுக்குது. ஒருத்தனும் அவள நெனைக்கல. செத்தவளக்கூட உடல."

கலைவேந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தங்கள் மனவேதனை புரிகிறது. அதைத்தான் புகாராகத் தயார்செய்து வைத்திருக்கிறோம். கையொப்பம் மட்டும்."

இன்னாசிமுத்து தாளையும் பேனாவையும் நகர்த்தினார். ஆதிலட்சுமி பேனாவை எடுத்தாள். தமிழ்க்குமரன் மூச்சு விட்டான். சுகந்தி கண்களை மூடிக்கொண்டாள்.

"சார், அம்மா செத்துட்டா அவங்களுக்கு யாரு வரணும்? ரூல்ல எதாவது இருக்குதா?"

கலைவேந்தன் பதில் சொல்வதற்குள் இன்னாசிமுத்து விதியைப் படித்துவிட்டார். முப்பது வருட ஆபீஸ் பழக்கம், யார் கேட்டாலும் படித்துவிடுவார். "தாயார் வர இயலாத நிலையில், தாயார் ஸ்தானத்தில் உள்ள ஒரு பெண்மணி, அடையாள அட்டையுடன்."

ஆதிலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆதார் கார்டை மேசையில் வைத்தாள்.

"தோ இருக்குது. இந்தப் பொண்ணோட அம்மாவுக்கு நான் வந்திருக்கறன். வரலன்னு எழுதனத அடிச்சிட்டு, வந்துட்டாங்கன்னு எழுதுங்க."

"அம்மா!" என்றான் தமிழ்க்குமரன். "நாளைக்கு எக்ஸாம்மா!"

"தெரியுதுடா." அவளுக்குக் கண் கலங்கியது. கையை மட்டும் எடுக்கவில்லை. "புகாரு என் புள்ள மேல. அப்பறம் இன்னொருத்தரு மேலயும் எழுதிக்கோங்க. அந்த ஜெனரேட்டர்காரரு யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்கம்மா இருக்காங்களோ இல்லியோ, அதுவும் தெரியாது. அவங்களுக்கும் நானே வந்திருக்கறன்."

கலைவேந்தன் முகத்தில் இருந்த தாய்மைப் பரவசம் மெல்ல வடிந்தது. "அது... அது யாருக்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை."

"சாட்சி இருக்குது சார்" என்றாள் ஆதிலட்சுமி, கல்பனாவைப் பார்த்து.

கல்பனாவுக்கும் வேலை இருக்கிறது, பதவி உயர்வுக் கோப்பு கலைவேந்தன் மேசையில்தான் கிடக்கிறது. ஹால் டிக்கெட்டுகளைப் பார்த்தார், சுகந்தியைப் பார்த்தார். கடைசியில் தன் நாற்காலியை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லேடீஸ் வெளிய இருக்கணும்னு நீங்கதான சார் ரூல் போட்டீங்க. வெளிய இருந்தன். எல்லாம் கேட்டுது."

"அது ஓசை!" என்று கத்தினார் கலைவேந்தன்.

"மினிட்ஸ்ல இன்னான்னு சார் எழுதறது?" இன்னாசிமுத்து பேனாவோடு காத்திருந்தார். "ஓசைன்னா? ஒரு தடவையா, ரெண்டு தடவையா? ஜெனரேட்டர்காரருக்கும் மொதல் வாக்கியத்துலதான..."

கலைவேந்தன் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். ஆபீஸ் மணி அடிக்கும் நேரம் ஆனது. பேப்பர் வெயிட்டை அவரே நகர்த்தினார், கையால் அல்ல, ஒரு கோப்பின் முனையால்.

குழு அன்று ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தை இப்போதும் கோப்பில் பார்க்கலாம். வரிசையில் எந்தச் சொல்லும் சொல்லப்படவில்லை என்றும், கல்லூரி வளாகத்தில் நேற்றும் இன்றும் தாய்மாரின் கண்ணியத்துக்குக் குறைவில்லை என்றும், பெண் உறுப்பினர் இனி அறைக்கு உள்ளேயே அமர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வராண்டாவில் யாரும் உட்காராதபடி பெஞ்சையும் எடுத்துவிட்டார்கள். தரச்சான்றுக் கூட்டம் வந்தபோது 'வழக்குகள் எதுவும் இல்லாத வளாகம்' என்று கலைவேந்தன் விளக்கினார். அவர்கள் முழு மதிப்பெண் தந்தார்கள்.

வாசலில் சுகந்தி ஹால் டிக்கெட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். வில்லியனூர் போக அவள் வேறு பஸ் மாற வேண்டும்.

"உங்கள இழுத்ததுக்கு மன்னிச்சிக்கங்கம்மா."

"அடுத்த வாட்டி அவனயே திட்டு. என்ன உட்டுடு."

"அவன மட்டும் திட்ட வார்த்தை இல்லம்மா. ராத்திரி பூரா யோசிச்சிட்டன்."

ஆதிலட்சுமியும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் கிடைக்கவில்லை. "போயி படி" என்று மட்டும் சொன்னாள். பஸ் வந்தது. சுகந்தி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனாள்.

தமிழ்க்குமரன் பைக்கை எடுத்து வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆதிலட்சுமி பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஒனக்கு நான் புள்ளையா, அவ புள்ளையா?"

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவன் கிக்கரை மிதித்தான். வண்டி இருமியது, நின்றது. மறுபடி மிதித்தான். எரிச்சலில் அவன் உதடு பிரிந்தது, அந்தச் சொல்லின் முதல் பாதி நாக்குக்கு வந்தது. அப்படியே நின்றுவிட்டது. காலும் கிக்கர் மேல் நின்றது.

"சொல்லுடா" என்றாள் ஆதிலட்சுமி. "பின்னாடிதான உக்காந்துக்கினு இருக்கறன்."

அவன் இறங்கினான். அவளை இறங்கச் சொல்லவில்லை. அவளையும் வைத்தபடி, கிருமாம்பாக்கம் மெக்கானிக் கடைவரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான், வாயைத் திறக்காமல்.